ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து காசு கட்டி ஓடுறாளே, என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?

கேள்வி (கொஞ்சம் சுருக்கியிருக்கேன்): நான் கும்பகோணத்துல இருக்கேன், பேங்க்ல வேலை பாத்து ரிடையர் ஆனவன், வயசு 70. ஒரே பொண்ணு, அமெரிக்காவுல ஷார்லட்ல இருக்கா, 39 வயசு, ஐடி வேலை, ரெண்டு பசங்க. ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம்னாலே வயித்துவலின்னு சொல்லி உக்காந்துக்குவா. இப்ப ரெண்டு வருஷமா விடியக்காலைல எழுந்து ஓடுறா. வர்ற பிப்ரவரில ஃப்ளோரிடாவுல டிஸ்னி வேர்ல்டுல 21 கிலோமீட்டர் ஓடப் போறாளாம், அதுக்கு 200 டாலருக்கு மேல கட்டியிருக்கா, இளவரசி மாதிரி பாவாடை வேற வாங்கியிருக்கா. ஜெயிச்சா என்ன பரிசுன்னு கேட்டேன், முடிச்ச எல்லாருக்கும் மெடல்தான்ப்பான்னு சிரிக்கிறா. அந்த சமயம் நாங்களும் அங்க இருப்போம், ராத்திரி எழுந்து வந்து நின்னு கை தட்டணுமாம். வீட்ல ஏதாவது பிரச்சனையா, அதுலேர்ந்து தப்பிக்கத்தான் ஓடுறாளா? முட்டி தேஞ்சுடாதா? வேண்டாம்னு சொல்லலாமா?

பதில்:

வணக்கம் சார். கடைசி கேள்வியை முதல்ல முடிச்சிடலாம். வேண்டாம்னு சொல்லாதீங்க, சொன்னாலும் கேக்க மாட்டாங்க, கட்டின காசும் பொதுவா திரும்ப வராது. நான் ஓடுறவங்க காலையும் முட்டியையும் பாத்து பொழைக்கிற பிசியோ, உங்க லெட்டர் மாதிரி கேள்வி எங்கிட்ட பெத்தவங்க, புருஷன், மாமியார்னு எல்லா பக்கத்துலேர்ந்தும் வரும், ஆனா இளவரசி பாவாடையோட வந்தது இதுதான் முதல் தடவை, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நம்ம ஊர்ல ஓட்டம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? பி.டி.உஷா. 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம், செகண்டுல நூத்துல ஒரு பங்குல வெண்கலம் கைவிட்டுப் போச்சு, மறுநாள் பேப்பர் பாத்துட்டு ஊரே துக்கம் விசாரிச்சுக்கிட்டது. ஓடுனா மெடல் வாங்கணும், வாங்கலைன்னா ஏன் ஓடுறன்னு ஒரு கணக்கு நம்ம மண்டைல அப்பவே ஏறிடுச்சு. ஆனா அதே ஒலிம்பிக்ல இன்னொரு விஷயமும் நடந்துச்சு, அதை இங்க யாரும் பெருசா கண்டுக்கல. பொம்பளைங்களுக்கு முதல் முறையா மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர் ஓட்டம் வெச்சாங்க, அமெரிக்காவோட ஜோன் பெனாய்ட் ஜெயிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒலிம்பிக்ல பெண்கள் ஓடின அதிகபட்ச தூரம் வெறும் 1500 மீட்டர்தான், அதுக்கு மேல ஓடினா உடம்பு தாங்காதுன்னு பெரிய மனுஷங்களே நம்பிக்கிட்டு இருந்தாங்க. 1967ல பாஸ்டன் மாரத்தான்ல கேத்ரின் ஸ்விட்சர்னு ஒரு பொண்ணு நம்பர் குத்திக்கிட்டு ஓடினப்ப ஓட்டத்தை நடத்துற ஆளே பின்னாடி ஓடி வந்து அந்த நம்பரை பிச்சு எடுக்கப் பாத்தாரு, அந்த போட்டோ உலகம் பூரா சுத்துச்சு. 1972லதான் பாஸ்டன்ல பெண்களை அதிகாரபூர்வமா சேத்துக்கிட்டாங்க. இன்னிக்கு அமெரிக்காவுல அரை மாரத்தான், அதாவது உங்க பொண்ணு ஓடப் போற 21 கிலோமீட்டர், ஓடுறவங்கள்ல பாதிக்கு மேல பெண்கள். உங்க பொண்ணு அந்த கூட்டத்துல ஒருத்தர், அவ்வளவுதான், புதுசா ஒண்ணும் கிறுக்கு பிடிக்கல.

இன்னொண்ணு, அங்க ஓட்டம்ங்கிறது ரெண்டு அலையா வந்துச்சு. 1972 மியூனிக் ஒலிம்பிக்ல ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வாங்கினதுக்கு அப்புறம் ஆபீஸ் போற ஆளுங்க எல்லாம் ரோட்ல இறங்கினாங்க, ஆனா அவங்க வேகமா ஓடணும்னு வெறியோட ஓடினவங்க. தொண்ணூறுகள்ல வந்த ரெண்டாவது கூட்டம் வேற. மெதுவா ஓடுனா என்ன, நடுவுல நடந்தா என்ன, முடிச்சா போதும்ங்கிற கூட்டம். டிவில பேட்டி நிகழ்ச்சி நடத்தி பேர் வாங்கின ஓப்ரா வின்ஃப்ரி 1994ல ஒரு முழு மாரத்தானை நாலரை மணி நேரத்துல முடிச்சாங்க, அதைப் பாத்துட்டு நம்மாலயும் முடியும்னு கிளம்பினவங்க நிறைய பேர். அதே 1994 ஜனவரிலதான் டிஸ்னி வேர்ல்டுல முதல் மாரத்தான். டைமிங் சும்மா இல்ல சார், கம்பெனிக்காரனுக்கு மூக்குல வேர்த்திருக்கும்.

சரி, ஏன் ஓட ஆரம்பிக்கிறாங்க? ஆசைப்பட்டு ஆரம்பிச்சவங்கள நான் ரொம்ப கம்மியாதான் பாத்திருக்கேன். சுகர் ரிப்போர்ட், பிரசவத்துக்கு அப்புறம் இறங்காத வெயிட்டு, வீட்ல ஒரு சாவு, வேலை போனது, இல்லன்னா ஃப்ரெண்டு இழுத்துட்டு போனது, இப்படி ஏதாவது ஒண்ணுதான் ஆரம்பம். 39 வயசுன்னு சொன்னீங்க பாருங்க, 2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 29, 39, 49னு ஒன்பதுல முடியுற வயசுல இருக்கிறவங்க முதல் மாரத்தானுக்கு அதிகமா பேர் குடுக்கிறாங்கன்னு, அடுத்த பத்து வருஷம் வருதேன்னு மனசு கணக்கு போடுதாம். அந்த கணக்கை தப்புன்னு சொன்னவங்களும் இருக்காங்க, அதனால ரொம்ப நம்பிடாதீங்க, ஆனா என் கிளினிக் நோட்டுல பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது.

ஆரம்பிக்கிறதுக்கு காரணம் ஆயிரம் இருக்கும், விடாம ஓடுறதுக்கு காரணம் கொஞ்சம்தான். முதல் ஒன்றரை மாசம் நரகம், மூச்சு வாங்கும், பக்கம் பிடிக்கும், நம்மள ஒரு கிழவி முந்திக்கிட்டு போவாங்க. அப்புறம் ஒரு நாள் காலைல பேசிக்கிட்டே ஓட முடியுதுன்னு திடீர்னு தெரியும். ஓடி முடிச்சதும் வர்ற ஒரு லேசான சந்தோஷத்துக்கு எண்டார்ஃபின்தான் காரணம்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா ரத்தத்துல ஓடுற எண்டார்ஃபின் மூளைக்குள்ள லேசுல போகாது. ஜெர்மனில ஹாம்பர்க்ல செஞ்ச ஒரு ஆராய்ச்சி 2021ல வந்துச்சு, எண்டார்ஃபின் வேலை செய்யாதபடி மாத்திரை குடுத்துட்டு ஓட விட்டாங்க, அப்பவும் அந்த சந்தோஷம் வந்துச்சு. இப்ப சந்தேகம் எல்லாம் கஞ்சாவோட குடும்பத்தை சேர்ந்த ஒரு பொருள் மேல, நம்ம உடம்பே அதை தயார் பண்ணிக்குது. பயப்படாதீங்க, சட்டவிரோதம் இல்ல. எல்லாருக்கும் அது வர்றதும் இல்ல, எத்தனையோ பேர் வருஷக்கணக்கா ஓடிட்டு அப்படி எதுவும் எனக்கு வந்ததே இல்லைன்னு சொல்றாங்க, ஆனாலும் ஓடுறத விடல.

அதனால என் பார்வைல பெரிய காரணம் கெமிக்கல் இல்ல சார். உங்க பொண்ணோட ஒரு நாளை யோசிச்சு பாருங்க. ஐடி வேலை, இன்னிக்கு முடிச்சா நாளைக்கு அதுவே வேற பேர்ல வந்து நிக்கும், மேனேஜர் நல்லா இருக்குன்னு சொன்னாதான் நல்லா இருக்குன்னு அர்த்தம். வீட்டு வேலை, துவைச்சது மறுபடி அழுக்காகும், சமைச்சது தீரும், அதுக்கு நல்லா இருக்குன்னு சொல்லக்கூட ஆள் இல்ல. ஓட்டம் அப்படி இல்ல. போன வாரம் மூணு கிலோமீட்டர், இந்த வாரம் நாலு. அந்த ஒரு கிலோமீட்டரை யாரும் குடுக்கல, யாராலயும் எடுக்கவும் முடியாது, யார் கையெழுத்தும் வேண்டாம். நாற்பதை நெருங்கின ஒரு மனுஷிக்கு செஞ்ச உழைப்பு அப்படியே கண்ணுக்கு தெரியுற இடம் வேற எங்க இருக்கு சொல்லுங்க. அதோட அந்த ஒரு மணி நேரம் யாரும் அம்மா என் சாக்ஸ் எங்கன்னு கேக்க மாட்டாங்க.

அதனால நீங்க கேட்ட மாதிரி தப்பிக்கத்தான் ஓடுறாளான்னா, ஆமா, ஒரு மணி நேரம் தப்பிக்கிறாங்க, அது நல்லது. நீங்க பேங்க்லேர்ந்து வந்து பேப்பரை விரிச்சுக்கிட்டு முகத்தை மறைச்சுக்கிட்டதும் அதுதானே. எப்ப கவலைப்படணும்னா, ஒரு வாரம் ஓட முடியலைன்னா பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆகுறது, காலு வீங்கியிருக்கும்போதும் மறைச்சுக்கிட்டு ஓடுறது, சாப்பிட்டதுக்கு தண்டனை மாதிரி ஓடுறது, வெயிட்டு கண்டபடி இறங்குறது, மாதவிலக்கு நின்னு போறது, இதுல எதாவது இருந்தா விஷயம் வேற, டாக்டர்கிட்ட கூட்டிட்டு போகணும். கடைசி ரெண்டை நீங்க கேக்க முடியாது, அம்மாவை கேக்க சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே பாவாடை வாங்கின பொண்ணு அந்த நிலைமைல இருக்கிற மாதிரி எனக்கு தெரியல.

இப்ப அந்த டிஸ்னி விஷயத்துக்கு வரேன். மத்த ஊர் ஓட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு உங்களுக்கு தெரிஞ்சாதான் அங்க போய் நிக்கும்போது தூக்கத்தை கெடுத்துட்டாளேன்னு கோவம் வராது. பிப்ரவரில நடக்கிறது பிரின்சஸ் அரை மாரத்தான், 2009லேர்ந்து நடக்குது, பெரும்பாலும் பெண்கள்தான், ஆம்பளைங்களும் ஓடலாம், அவங்கள்லயும் சில பேர் பாவாடை கட்டிக்கிட்டுதான் வருவாங்க. விடியறதுக்கு முன்னாடி அஞ்சு மணி வாக்குல கிளம்பும், அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் சேரணும், அதான் அந்த ரெண்டு மணி அலாரம். எப்காட்னு ஒரு பார்க் பக்கத்துல ஆரம்பிச்சு, ஹைவேல ஓடி, மேஜிக் கிங்டம்ங்கிற இன்னொரு பார்க்குக்குள்ள நுழைஞ்சு, மெயின் ஸ்ட்ரீட்ல திரும்பினா விளக்கு போட்ட சின்ட்ரெல்லா கோட்டை நேரா நிக்கும், அந்த கோட்டைக்கு உள்ள புகுந்து வெளிய வந்து மறுபடி எப்காட்டுக்கு திரும்பணும். முடிவுக்கு கொஞ்சம் முன்னாடி சர்ச் கொயர் ஒண்ணு நின்னு பாடும், அந்த இடத்துல அழாதவங்க கம்மின்னு ஓடினவங்க சொல்லுவாங்க.

வழி நெடுக மிக்கி, இளவரசிங்க, வில்லன்கள்னு வேஷம் போட்டவங்க நிப்பாங்க, ஓடுறவங்க நின்னு கியூ கட்டி போட்டோ எடுத்துட்டு மறுபடி ஓடுவாங்க. ஓட்டத்துக்கு நடுவுல கியூல நிக்கிறது! நம்ம உஷாவுக்கு சொன்னா என்ன சொல்லுவாங்களோ. ஜனவரில அங்க நடக்கிற முழு மாரத்தான்ல இன்னும் மோசம், பாதி வழில எவரெஸ்ட்னு ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கு, அந்த நேரம் அது ஓடிட்டு இருந்தா ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து மிச்சத்தை ஓடுற ஆளுங்களும் உண்டு. நாலு நாள்ல 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், அரை, முழுசுன்னு நாலையும் ஓடுறதுக்கு டோப்பி சேலஞ்ச்னு பேர், மொத்தம் 48.6 மைல், நம்ம கணக்குல 78 கிலோமீட்டர், 2014லேர்ந்து நடக்குது. உங்க பொண்ணு இன்னும் அந்த லெவலுக்கு போகல, போனா அப்ப எனக்கு எழுதுங்க.

இதுல எல்லாரும் பயப்படுற ஒரே விஷயம் பலூன் லேடீஸ். ஒரு மைலுக்கு 16 நிமிஷத்துக்கு மேல எடுத்துக்கக் கூடாதுன்னு ரூல், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு சுமார் பத்து நிமிஷம், அரை மாரத்தானுக்கு மூணரை மணி நேரம். கடைசி கூட்டத்துக்கு பின்னாடி பலூன் கட்டிக்கிட்டு சில பேர் கரெக்டா அந்த வேகத்துல வருவாங்க, அவங்களுக்கு பின்னாடி விழுந்தா வண்டில ஏத்திடுவாங்க. வேகமா நடக்கிறவங்களே இந்த வேகத்தை ஒட்டி வந்துடலாம், முன்னாடி கூட்டத்துல கிளம்பினா கையில இன்னும் கொஞ்சம் நேரம் மிஞ்சும். ஜெஃப் கேலவேன்னு ஒருத்தர், 1972 ஒலிம்பிக்ல பத்தாயிரம் மீட்டர் ஓடினவர், அவர்தான் கொஞ்சம் ஓடு கொஞ்சம் நட மறுபடி ஓடுங்கிற முறையை புதுசா வர்றவங்களுக்கு சொல்லிக்குடுத்து பரப்பினாரு, டிஸ்னி ஓட்டங்களுக்கு ட்ரெய்னிங் பிளான் போட்டதும் அவர்தான். அரை நிமிஷம் ஓடி அரை நிமிஷம் நடக்கிறதைப் பாத்துட்டு இதுக்கா 200 டாலர்னு கேட்டுடாதீங்க, கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல தெம்பு மிச்சம் இருக்கிறது பல சமயம் இவங்களுக்குத்தான்.

ஏன் இது புடிக்குது? ஒண்ணு, மனசு வேற பக்கம் போகுது. மெதுவா நடுத்தர வேகத்துல ஓடும்போது பாட்டோ வேடிக்கையோ இருந்தா அதே உழைப்பு குறைச்சலா தெரியும், இது ஆராய்ச்சிலயும் நல்லா தெரிஞ்ச விஷயம். 21 கிலோமீட்டர்னு நினைச்சா மலைப்பா இருக்கும், அடுத்த மிக்கி வரைக்கும்னு நினைச்சா போயிடலாம். கூட ஆள் இருந்தா இழுத்துட்டு போகும்ங்கிறது 1898லயே நார்மன் ட்ரிப்லெட்னு ஒரு மனவியல் ஆராய்ச்சியாளர் சைக்கிள் ஓட்டுறவங்கள வெச்சு எழுதின விஷயம். ரெண்டாவது, எனக்கு இதுதான் முக்கியமா படுது. உங்க பொண்ணு ஸ்கூல்ல வயித்துவலின்னு உக்காந்தது ஏன்னு நினைக்கிறீங்க? ஓடினா கடைசியா வருவோம், நாலு பேர் சிரிப்பாங்க. நம்ம ஸ்கூல்ல பி.டி பீரியடே வேகமா ஓடுற நாலு பேருக்குத்தான், மத்தவங்க மரத்தடி, அதுவும் பெண் பிள்ளைன்னா எட்டாங்கிளாஸோட முடிஞ்சுது, அந்த பீரியடையும் கணக்கு டீச்சர் வாங்கிக்குவாங்க. இங்க ஆயிரக்கணக்கான பேர் பாவாடையும் கிரீடமுமா ஓடும்போது யார் எப்படி ஓடுறாங்கன்னு யாரும் பாக்கிறதில்ல, எல்லாரும்தான் கோமாளி, அதனால யாரும் கோமாளி இல்ல. கடைசியா வர்ற பொண்ணுக்கும் முதல்ல வந்தவங்களுக்கு குடுத்த அதே மெடல். முப்பது வருஷம் கழிச்சு அந்த மரத்தடிலேர்ந்து எழுந்து வர்றதுக்கு இது ஒரு வழி.

இதை சொல்லிட்டு அந்த பக்கத்தையும் சொல்லணும். இது வியாபாரம் சார். ஸ்கூல் லீவு கூட்டம் இல்லாத நாளா பாத்து ஓட்டம் வைக்கிறான், ஹோட்டல் ரூம் நிரம்புது, பேர் குடுக்க 200 டாலர்னா ஃபிளைட், ரூம், டிக்கெட், டீ ஷர்ட்டுன்னு அது எங்கயோ போகும். போட்டோவுல கோட்டைதான் தெரியும், ஆனா ஓடுற தூரத்துல பெரும்பகுதி வெறும் ஹைவே, இருட்டு, ரெண்டு பக்கமும் மரம். சில இடத்துல ரோடு ஒடுக்கம், முன்னாடி போறவங்க திடீர்னு நின்னு செல்ஃபி எடுப்பாங்க. நேரம் குறைச்சு ஓடணும்னு நினைக்கிறவங்க இதுக்கு போகக்கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். 2017 ஜனவரில இடி மின்னல்னு அரை மாரத்தானை கேன்சல் பண்ணாங்க, அன்னிக்கு என்ன பண்ணாங்க தெரியுமா, நிறைய பேர் தங்கியிருந்த ஹோட்டலை சுத்தி சுத்தி அந்த தூரத்தை அவங்களே ஓடி முடிச்சாங்க, மத்த கெஸ்டெல்லாம் நின்னு கை தட்டினாங்க. மிக்கி இல்ல, கோட்டை இல்ல, ஆனாலும் ஓடினாங்க. வியாபாரம் அவனோடது, ஓட்டம் இவங்களோடது.

முட்டிக்கு வரேன், என் ஏரியா. ஓடினா முட்டி தேயும்ங்கிறது நம்ம ஊர் நம்பிக்கை. 2017ல பல ஆராய்ச்சிகளை ஒண்ணா சேத்து பாத்தாங்க, இடுப்பு முட்டி மூட்டு தேய்மானம் பொழுதுபோக்குக்கு ஓடுறவங்கள்ல 3.5 சதவீதம், ஓடாம உக்காந்தே இருக்கிறவங்கள்ல 10.2 சதவீதம், போட்டிக்காக கடுமையா ஓடுறவங்கள்ல 13.3. உங்க பொண்ணு முதல் கோஷ்டி. அவங்களுக்கு வரக்கூடிய பிரச்சனை தேய்மானம் இல்ல, அவசரம். நெஞ்சும் ரத்தமும் சில வாரத்துல ஓட்டத்துக்கு பழகிடும், எலும்பும் தசைநாரும் பழக பல மாசம் ஆகும். மூச்சு வாங்கலையேன்னு தூரத்தை திடுதிப்புன்னு ஏத்துவாங்க, முட்டிக்கு கீழ இருக்கிற முன் எலும்பு கீறல் விட்டுடும். ரெண்டு வருஷமா ஓடுறாங்கன்னா அந்த கட்டத்தை தாண்டியிருப்பாங்க, ஆனா ஓட்டத்துக்கு முந்தின நாள் பசங்களோட பார்க் பூரா பத்து மணி நேரம் நடந்துட்டு போய் ஓடுறதுதான் அங்க எல்லாரும் பண்ற தப்பு. சுத்திப் பாக்கிறதை ஓட்டத்துக்கு அப்புறம் வெச்சுக்க சொல்லுங்க, பேரப்பசங்களை அந்த ஒரு நாள் நீங்க பாத்துக்கங்க, அது கை தட்டுறதை விட பெரிய உதவி.

இன்னொண்ணு முக்கியம், நிறைய தண்ணி குடிம்மான்னு சொல்லி அனுப்பாதீங்க. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்தை சோதிச்சதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச்சத்து, குறைஞ்சிருந்துச்சு, பெரும்பாலும் காரணம் அளவுக்கு மேல குடிச்சது, மெதுவா ரொம்ப நேரம் ஓடுறவங்களுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். தாகத்துக்கு குடிச்சா போதும்.

நீங்க போய் நிக்கிற விஷயம். போங்க. பிப்ரவரி விடியக்காலைல ஃப்ளோரிடாவே ஆனாலும் குளிரும், ஸ்வெட்டரும் மப்ளரும் எடுத்துக்கங்க, அம்மாவுக்கும் சேத்து. ரோடெல்லாம் அடைச்சிருப்பாங்க, காரை நம்பாதீங்க, பஸ், மோனோரயில் எது ஓடுதுன்னு மாப்பிள்ளைகிட்ட முதல் நாளே கேட்டு வெச்சுக்கங்க. ஓடுறவங்க எங்க வராங்கன்னு போன்ல தெரியுற மாதிரி ஏற்பாடு இருக்கு, அதையும் போட்டு தரச் சொல்லுங்க, ஏன்னா ஒரே மாதிரி பாவாடைல ஆயிரம் பேர் வரும்போது பெத்த பொண்ணையே கோட்டை விட்டுடுவீங்க. ஒரு அட்டைல தமிழ்ல பெருசா பேர் எழுதி பிடிங்க, அந்த கூட்டத்துல அது ஒண்ணுதான் தமிழ்ல இருக்கும், தூரத்துலேர்ந்தே கண்டுபிடிச்சிடுவாங்க. சுகர், பிபி மாத்திரை போடுறவரா இருந்தா ரெண்டு மணிக்கு எழுந்துக்கிற நாள்ல எப்ப சாப்பிட்டு எப்ப போடணும்னு கிளம்புறதுக்கு முன்னாடி உங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, கையில பிஸ்கட் பாக்கெட் வெச்சுக்கங்க. முடிச்சுட்டு வந்ததும் எத்தனாவது வந்தன்னு மட்டும் கேக்காதீங்க.

மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் படி இறங்கும்போது சுவத்தை பிடிச்சுக்கிட்டு முனகுவாங்க, அது ரெண்டு தொடையிலயும் இருந்தா சாதாரணம், தானா போயிடும். ஒரே கால்ல ஒரே இடத்துல விரல் வெச்சு காட்டுற மாதிரி வலி, ராத்திரிலயும் விடலைன்னா அங்கயே ஒரு ஸ்கேன் எடுக்க சொல்லுங்க, ஷார்லட் போய் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட வேண்டாம்.